பகை நடுவே எரிந்த அடுப்பு: சராயேவோ நகரின் வரலாறு

பல சமயத்தார் கூடி வாழும் நகரங்கள் உலகில் பலவுண்டு. அமைதி நிலவும் காலத்தில் அத்தகைய நகரங்களைப் போற்றிப் பேசுதல் எளிது. பகை மூண்டு, நேற்றைய அயலார் இன்றைய பகைவராய் மாறும் வேளையில் அந்நகரத்தார் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே வரலாறு கேட்கும் வினா. அவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டில் இருமுறை விடையிறுக்க நேர்ந்த நகரம் சராயேவோ. ஐரோப்பாவின் தென்கிழக்கே, போஸ்னியா ஹெர்செகோவினா நாட்டின் தலைநகரம் அது. அந்நகரின் மிகச் சிறிய சமூகம் ஒன்று போர்க்காலத்தில் ஆற்றிய தொண்டும், போர் ஓய்ந்தபின் அச்சமூகத்துக்கு வாய்த்த நிலையும் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை.

நான்கு வழிபாட்டிடங்கள்

நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில், மில்யாட்ஸ்கா என்னும் சிற்றாற்றின் இரு கரையிலும் அமைந்தது சராயேவோ. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈசா பேக் இசாகோவிச் என்னும் உதுமானியத் தலைவர் இங்கே பாலமும் சந்தையும் பள்ளிவாசலும் அமைத்து நகரை உருவாக்கினார். அடுத்த நூற்றாண்டில் காசி ஹுஸ்ரெவ் பேக் என்பார் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இன்றும் பழைய கடைவீதியின் நடுவே நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரின் பழைய தேவாலயம் உள்ளது. 1492ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதருள் ஒரு சாரார் உதுமானியப் பேரரசில் அடைக்கலம் பெற்றுப் பதினாறாம் நூற்றாண்டில் இந்நகரில் குடியேறினர். அந்நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் தொழுகைக்கூடம் எழுந்தது. 1878ஆம் ஆண்டில் ஆஸ்திரிய ஹங்கேரிய ஆட்சி ஏற்பட்டபின் கத்தோலிக்கரின் பேராலயம் கட்டப்பெற்று 1889இல் நிறைவுற்றது. இந்நான்கு வழிபாட்டிடங்களையும் ஒருவர் சில நிமிட நேரத்தில் நடந்தே கண்டுவிடலாம்.

கட்டடங்கள் அருகருகே இருப்பதனால் மட்டும் மனங்கள் அருகருகே இருந்துவிடா. சராயேவோ மக்கள் இதனை அறிந்திருந்தனர். அயலார் உறவைக் குறிக்கத் துருக்கி மொழிவழி வந்த 'கொம்ஷிலுக்' என்னும் சொல் அவர்களிடையே வழங்குகிறது. முஸ்லிம் இல்லத்துப் பெருநாளில் செய்த இனிப்பு கிறித்தவர் வீட்டுக்குச் செல்லும். உயிர்ப்புப் பெருவிழாவின் வண்ண முட்டை முஸ்லிம் வீட்டுக்கு வரும். பிறர் சமயத்தை ஆராய்வதன்று அவ்வழக்கம். பிறர் இல்லத்து நன்மை தீமைகளில் தவறாது பங்குகொள்வது. இவ்வழக்கமே பின்னாளில் பலர் உயிரைக் காத்தது.

ஒரு மொழி, மூன்று இனங்கள்

போஸ்னியாவின் பிளவைப் புரிந்துகொள்வதற்கு ஒன்றைத் தெளிவாக மனங்கொள்ள வேண்டும். அங்குள்ள மூன்று பெரிய சமூகத்தாரும் தென் சிலாவிய மரபினர். ஒருவர் பேசுவது மற்றவர்க்குத் தடையின்றி விளங்கும். தோற்றத்தாலும் அவர்களை வேறுபடுத்தி அறிதல் அரிது. அவர்களைப் பிரித்துக்காட்டுவது முன்னோர் வழிவந்த சமயமே. ஆர்த்தடாக்ஸ் மரபினர் செர்பியர் என்றும், கத்தோலிக்க மரபினர் குரோவாசியர் என்றும், இஸ்லாமிய மரபினர் போஸ்னியாக்கர் என்றும் வழங்கப்பெறுவர். கோயிலுக்குச் செல்லாதவரும், பொதுவுடைமைக் கொள்கையால் கடவுளை மறுத்தவரும் இப்பிரிவினின்று தப்பவில்லை. அங்குச் சமயம் நம்பிக்கையாக மட்டும் இராமல் பிறப்பு அடையாளமாகவும் இறுகிவிட்டது.

ஆயினும் சராயேவோ அவ்வடையாளத்தைத் தளர்த்திய நகரமாகவும் இருந்தது. கலப்புத் திருமணங்கள் இங்கு மிகுதி. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து இந்நகரில் ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் முஸ்லிம்கள் 49 விழுக்காடு. செர்பியர் 30 விழுக்காடு. குரோவாசியர் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்குப் பதின்மருக்கு மேற்பட்டோர் இம்மூன்றனுள் எதனையும் குறிக்காமல் தம்மை 'யூகோஸ்லாவியர்' என்றே எழுதுவித்தனர். அடுத்த ஆண்டு வெடித்த போர் இவர்களுக்கு நிற்க இடமின்றிச் செய்துவிட்டது.

முதற் சோதனை

1941ஆம் ஆண்டில் நாஜிப் படைகள் யூகோஸ்லாவியாவைக் கைப்பற்றியபோது, போஸ்னியா உஸ்தாஷா என்னும் குரோவாசியப் பாசிசக் குழுவின் ஆட்சியில் விழுந்தது. செர்பியரும் யூதரும் ரோமா மக்களும் வேட்டையாடப்பட்டனர். சராயேவோவில் வாழ்ந்த ஏறத்தாழப் பதினாயிரம் யூதருள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர்.

அக்கொடுமையை எதிர்த்தும் குரல் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சராயேவோ முஸ்லிம் பெருமக்கள் 108 பேர் ஒப்பமிட்டு, செர்பியர் மீதும் யூதர் மீதும் நிகழும் கொடுமைகளைக் கண்டித்து அறிக்கை விடுத்தனர். அச்சமூகத்திலேயே சிலர் பின்னர் ஜெர்மானியப் படைப்பிரிவில் சேர்ந்ததும் உண்மை. ஒரு சமூகம் முழுவதும் நல்லது என்றோ தீயது என்றோ முத்திரையிட வரலாறு இடந்தருவதில்லை.

அக்காலத்தில் இருவர் செய்த செயல்கள் நினைக்கத்தக்கவை. ஸெய்நெபா ஹர்தாகா என்னும் முஸ்லிம் பெண்மணியின் குடும்பத்தார், குண்டுவீச்சில் வீடிழந்த கபிலியோ என்னும் யூதக் குடும்பத்தைத் தம் இல்லத்தில் ஏற்றனர். ஸெய்நெபா தெருவில் நடக்கையில், உடன்வந்த யூதப் பெண்ணின் கையிலிருந்த மஞ்சள் அடையாளத்தைத் தம் முகத்திரையின் விளிம்பால் மறைத்துச் செல்லும் நிழற்படம் இன்றும் உள்ளது. யூதருக்கு உதவிய குற்றத்திற்காக ஸெய்நெபாவின் தந்தை கொலைமுகாமில் உயிர்துறந்தார்.

மற்றவர் தெர்விஷ் கோர்குத். இவர் தேசிய அருங்காட்சியகத்தின் நூலகர், முஸ்லிம் அறிஞர். பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பெற்று, வண்ண ஓவியங்களால் பொலிவுற்ற 'ஹகாதா' என்னும் யூதர்தம் விழா நூல் அவர் பொறுப்பில் இருந்தது. ஜெர்மானியத் தளபதி அதனைக் கைப்பற்ற வந்தபோது, கோர்குத் அதனை மறைத்து வெளியே கொண்டுசென்றார். மலையூர் ஒன்றில் அந்நூல் போர் முடியும்வரை காக்கப்பட்டது என்பர். நூலை மட்டுமன்றி ஒரு யூத இளம்பெண்ணையும் அவர் தம் வீட்டில் மறைத்துக் காத்தார்.

1,425 நாள்கள்

யூகோஸ்லாவியா சிதறத் தொடங்கியதும் போஸ்னியாவில் விடுதலை குறித்து வாக்கெடுப்பு 1992 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சு முதல் நாளிலும் நடைபெற்றது. செர்பியருள் பெரும்பாலோர் அதனைப் புறக்கணித்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் எல்லாச் சமூகத்தாரும் பல்லாயிரவராய்த் திரண்டு, போர் வேண்டாம் என முழங்கி வீதியில் நடந்தனர். அவர்கள்மீது துப்பாக்கிகள் சுட்டன. சுவாதா தில்பெரோவிச், ஓல்கா சூச்சிச் என்னும் இரு பெண்கள் பாலத்தில் வீழ்ந்தனர். ஒருவர் முஸ்லிம் மரபினர், மற்றவர் குரோவாசியர். இன்று அப்பாலம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.

அன்று தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாள்கள் நீடித்தது. 1984ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மலைகளிலேயே போஸ்னிய செர்பியப் படையின் பீரங்கிகள் நின்றன. மின்சாரம் இல்லை, குழாயில் நீர் இல்லை, குளிர்காய்வதற்குப் பூங்காக்களின் மரங்களை மக்கள் வெட்டினர். நீர் எடுக்கச் சென்றவர், ரொட்டிக்கு வரிசையில் நின்றவர், தெருவைக் கடந்தவர் என எவரும் மறைந்திருந்து சுடுவோரின் குறிக்குத் தப்பவில்லை. 1994 பிப்ரவரியில் சந்தையில் விழுந்த ஒரே குண்டுக்கு 68 பேர் பலியாயினர். 1992 ஆகஸ்டில் தேசிய நூலகம் தீக்கிரையாகி இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. போர் தொடங்கி இருபதாண்டு நிறைந்த நாளில் நகரின் முதன்மைத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வெறுமையாக வரிசையிடப்பட்டன. மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி.

நகரத்தைச் சூழ்ந்தவர் ஓரினத்துப் படையினர். நகரினுள் இருந்தவரோ பல இனத்தார். நகரைக் காத்த படையின் தலைவருள் ஒருவரான யோவன் திவ்யாக் செர்பியர். அவர் போர் நடக்கும்போதே, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விக்கென 1994இல் ஓர் அமைப்பை நிறுவி, 2021இல் மறையும்வரை நடத்திவந்தார். அதே வேளையில் நகரினுள்ளும் அறம் பிறழ்ந்தது. காக்க வந்த படையினருள் சிலர் செர்பியக் குடிமக்களைக் கொன்று கசானி என்னும் மலைப்பிளவில் எறிந்தனர். 2021இல் நகராட்சி அவ்விடத்தில் நினைவுச்சின்னம் அமைத்தது. தம்மவர் செய்த கொடுமையையும் ஏற்றுக்கொள்ளாத அமைதி நிலைத்த அமைதி ஆகாது.

ஓர் அடுப்பும் மூன்று மருந்தகங்களும்

1992இல் சராயேவோவில் எஞ்சியிருந்த யூதர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. 1892இல் அவர்தம் முன்னோர் 'லா பெனெவொலென்சியா' என்னும் அறக்கட்டளையை ஏழை மாணவருக்கு உதவும்பொருட்டு நிறுவியிருந்தனர். உலகப்போருக்குப் பின் செயலிழந்த அவ்வமைப்புக்கு 1991இல் மீண்டும் உயிரூட்டப்பட்டது. அண்டை நாடான குரோவாசியாவில் போர் மூண்டதைக் கண்டு, நாளை நமக்கும் இது நேரலாம் என உணர்ந்து, உணவையும் மருந்தையும் அவர்கள் முன்னரே சேமித்து வைத்தனர். இப்பணியை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் யாக்கோப் ஃபின்ட்சி என்னும் வழக்கறிஞர். நாஜிக் காலத்தில் யூதர் அடைக்கப்பட்டிருந்த ராப் தீவில் 1943இல் பிறந்தவர் அவர்.

இப்போரில் யூதர் எந்தத் தரப்பினரும் அல்லர். எவருக்கும் அச்சம் தரும் அளவுக்கு எண்ணிக்கையும் அவர்க்கில்லை. எனவே மூன்று தரப்பினரும் அவர்களை ஐயுறவில்லை. இது அவர்தம் நல்வாய்ப்பு எனலாம். அவ்வாய்ப்பைத் தம்மவர் மட்டும் தப்பிச்செல்வதற்குப் பயன்படுத்தியிருந்தாலும் உலகம் குறைகூறியிராது. அவர்களோ மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையிலுள்ள தம் தொழுகைக்கூடத்தில் அடுப்பு மூட்டி, நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கு உணவளித்தனர். மூன்று மருந்தகங்களைத் திறந்து, வந்தவர் யாவர்க்கும் விலையின்றி மருந்து வழங்கினர். மருத்துவ விடுதி நடத்தினர். தொலைபேசி அறுந்த நகரில் வானொலிக் கருவி வழியே உறவினரோடு பேச வகைசெய்தனர். கடிதங்களை ஏந்திச் சென்றனர். வந்தவரிடம் அவர் எச்சமயத்தார் என்னும் கேள்வியே எழவில்லை. தொண்டர்களும் அவ்வாறே. யூதரோடு முஸ்லிம்களும் செர்பியரும் குரோவாசியரும் அவ்வடுப்பங்கரையில் ஒன்றாய் நின்றனர். வெளியே மலைமேலும் போர்முனையிலும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இனத்தார், இங்கே ஒரே அண்டாவைத் தூக்கினர்.

மூன்று தரப்போடும் பேசி, பேருந்து வரிசைகளாய் மக்களை முற்றுகையிலிருந்து வெளியேற்றும் பணியையும் அவர்கள் செய்தனர். அவ்வாறு தப்பியவர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் பாதிக்கு மேலானவர் யூதரல்லாதவர். ஐம்பதாண்டுக்கு முன் யூதருக்கு அடைக்கலம் தந்த ஸெய்நெபா ஹர்தாகா முதுமையில் அம்முற்றுகையில் சிக்கியிருந்தார். 1994இல் அவரும் அவர் குடும்பத்தாரும் அவ்வழியே மீட்கப்பட்டு இஸ்ரேல் நாட்டில் வரவேற்கப்பெற்றனர். கோர்குத் காத்த ஹகாதா நூலும் அப்போது மீண்டும் இடருற்றது. குண்டுகள் விழும் அருங்காட்சியகத்துக்குள் அதன் இயக்குநரான என்வர் இமாமோவிச் என்னும் முஸ்லிம் அறிஞர் துணிந்து சென்று நூலை மீட்டு, வங்கியின் நிலவறையில் சேர்த்தார்.

உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் நால்வகைத் தானங்களின் பெருமையை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நகர மக்கள் ஒருவருக்கொருவர் மாறிமாறி அந்நான்கையும் அளித்துக்கொண்ட வரலாறே இது. பேருரைகளால் இயலாத ஒன்றை இத்தானங்கள் செய்தன. பகைக்குப் பின்னும் ஒருவர் மற்றவரை நம்புவதற்கு ஒரு காரணத்தை அவை விட்டுச்சென்றன.

போர் ஓய்ந்தது, பிரிவு ஓயவில்லை

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உடன்படிக்கை எட்டப்பட்டு, டிசம்பர் 14 அன்று பாரிசில் கையெழுத்தானது. ஏறத்தாழ ஓரிலட்சம் உயிரைக் குடித்த போர் அதனால் நின்றது. அதன் பெருமையைக் குறைத்தல் தகாது. ஆயினும் நாடு இரு கூறுகளாய்ப் பிரிந்தது. 1996இன் தொடக்கத்தில் சராயேவோவின் புறநகர்கள் ஒன்றிணைந்த நகர ஆட்சியில் சேர்க்கப்பட்டபோது, செர்பியர் பல்லாயிரவர் தம் தலைவர்தம் வற்புறுத்தலாலும் அச்சத்தாலும் வீடுகளை விட்டு வெளியேறினர். சிலர் இடுகாட்டிலிருந்து தம் முன்னோர் உடல்களையும் தோண்டி எடுத்துச் சென்றனர். 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எல்லை சுருங்கிய இன்றைய நகரத்தில் போஸ்னியாக்கர் 80 விழுக்காட்டுக்கு மேல். செர்பியர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பீரங்கி பிரிக்க இயலாத நகரத்தை அமைதிக்காலம் பிரித்தது எனலாம்.

பிரிந்ததை இணைக்கச் சமயத்தார் முயன்றனர். 1997 ஜூனில் முஸ்லிம் தலைமைக் குரு முஸ்தஃபா செரிச், ஆர்த்தடாக்ஸ் பேராயர் நிக்கோலாய், கத்தோலிக்கக் கர்தினால் விங்கோ புல்யிச், யூதர்தம் தலைவர் யாக்கோப் ஃபின்ட்சி ஆகிய நால்வரும் கூடிச் சமயங்களுக்கிடையிலான பேரவையை நிறுவினர். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தின் தலைவர் மற்ற மூவரோடு ஒத்த நிலையில் அமர்ந்தார். முற்றுகைக்காலத் தொண்டு ஈட்டித் தந்த மதிப்பு அது. 2004இல் இயற்றப்பெற்ற சமயச் சுதந்திரச் சட்டத்தின் வரைவில் இப்பேரவைக்குப் பெரும்பங்குண்டு. வழிபாட்டிடங்கள் எங்கே தாக்கப்பட்டாலும் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து கண்டிக்கும் வழக்கத்தையும் அது வளர்த்தது. பிரான்சிஸ்கன் துறவியான ஈவோ மார்க்கோவிச் 1996இல் தொடங்கிய 'பொந்தானிமா' என்னும் பாடற்குழுவில் பல சமயத்தாரும் சேர்ந்து எல்லாச் சமயப் பாடல்களையும் பாடுகின்றனர். அத்துறவி போரில் தம் தந்தையையும் உறவினர் பலரையும் இழந்தவர்.

கணக்கில் இடம்பெறாதோர்

டேட்டன் உடன்படிக்கையின் இணைப்பாக அமைந்ததே நாட்டின் அரசமைப்பு. அதன்படி குடியரசின் தலைமைக்குழுவில் மூவர் இருப்பர்: ஒரு போஸ்னியாக்கர், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். மேலவையிலும் இம்மூவினத்தார்க்கு மட்டுமே இடம். ஏனையோர் அனைவரையும் அச்சட்டம் 'பிறர்' என்னும் ஒரே சொல்லால் குறித்தது. முற்றுகை நகரில் எல்லாச் சமூகத்தார்க்கும் உணவளித்த யாக்கோப் ஃபின்ட்சி, தலைமைப் பதவிக்குப் போட்டியிடத் தமக்கு உரிமையுண்டா எனத் தேர்தல் ஆணையத்தைக் கேட்டார். யூதர் ஆதலின் இல்லை என விடை வந்தது. அவரும், ரோமா சமூகத்தைச் சேர்ந்த தெர்வோ சேய்திச் என்பாரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2009 டிசம்பர் 22 அன்று, இவ்விலக்கு மனித உரிமைக்கு முரணானது என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல், தம்மை எவ்வினத்தார் என்றும் கூற மறுத்து 'இந்நாட்டுக் குடிமகள்' என்று மட்டுமே கூறிய அஸ்ரா சோர்னிச் என்பாரின் வழக்கிலும் அத்தகைய தீர்ப்பே வந்தது. எனினும் இன்றுவரை அரசமைப்பு திருத்தப்படவில்லை. நாட்டின் தூதராகச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பெற்ற ஃபின்ட்சி, அந்நாட்டின் தலைமைக்குப் போட்டியிட மட்டும் தகுதியற்றவர் ஆனார்.

இவ்வமைப்பின் விளைவை அருங்காட்சியகமும் அனுபவித்தது. நாட்டுக்குப் பொதுவான நிறுவனங்களைப் பேணும் பொறுப்பை எந்த ஆட்சியும் ஏற்காமையால், ஹகாதா நூல் இருந்த தேசிய அருங்காட்சியகம் 2012இல் மூடப்பட்டது. ஊதியமின்றியும் ஊழியர் அரும்பொருள்களைக் காத்துவந்தனர். 2015இலேதான் கதவுகள் மீண்டும் திறந்தன. பீரங்கிக் குண்டுகளுக்குத் தப்பிய நூலை, 'இது எங்கள் பங்கன்று' என்னும் சொல் மூன்றாண்டுக் காலம் பூட்டி வைத்தது.

போரை நிறுத்துவதற்கு இனங்களை எண்ணிப் பங்கிடுதல் ஒருவேளை இன்றியமையாததாக இருந்திருக்கலாம். அப்பங்கீடே நிலையான அமைதி எனக் கொண்டால், எப்பங்கிலும் அடங்காதவர் வெளியே நிறுத்தப்படுவர். அவ்வாறு நிறுத்தப்பட்டவருள், துயர்க்காலத்தில் எல்லாத் தரப்பாரும் நம்பி வந்த வாயிலைத் திறந்து வைத்தவரும் இருக்கின்றனர் என்பதையே சராயேவோ காட்டுகிறது.

இன்று அந்நகரில் வாழும் யூதர் சில நூற்றுவரே. லா பெனெவொலென்சியா இப்போதும் முதியோரின் இல்லந்தேடிச் சென்று மருத்துவ உதவி செய்துவருகிறது. நம் ஊர்களிலும் அறக்கட்டளைகள் உண்டு; அன்னதானக் கூடங்களும் இலவச மருத்துவ நிலையங்களும் உண்டு. விழாக்காலத்தில் அவற்றின் ஆண்டறிக்கையைப் படித்து மகிழ்கிறோம். அவற்றின் வாயிலில் வந்து நிற்பவர் யாராயினும் பெயரும் பிறப்பும் கேளாமல் உள்ளே அழைக்கும் பழக்கத்தை அமைதிக்காலத்திலேயே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சராயேவோவில் அடுப்புப் பற்றவைக்கப்பட்டது முற்றுகையின்போதுதான். அதற்கான அறக்கட்டளையோ நூறாண்டுக்கு முன்னரே நிறுவப்பட்டிருந்தது.